பிஎஸ்யூட்டில்: ப்ராசஸ்களின் நினைவகத்தைக் கூட்டினால் மொத்த ராமையே தாண்டுகிறது, எந்த எண்ணை நம்புவது?

பொன்னியாறு:

எல்லோருக்கும் வணக்கம். அலுவலகத்தில் சில லினக்ஸ் சர்வர்களும் கொஞ்சம் விண்டோஸ் கணினிகளும் என் பொறுப்பில் இருக்கின்றன. பெரிய கண்காணிப்பு மென்பொருள் வாங்குகிற நிலைமை இல்லை. அதனால் பைத்தானில், நினைவகம், சிபியு போன்றவற்றின் பயன்பாட்டைச் சொல்லும் பிஎஸ்யூட்டில் நூலகத்தை வைத்து ஒரு சிறிய ஸ்கிரிப்ட் எழுதினேன். ஒரே நிரல் இரண்டு பக்கமும் மாற்றமில்லாமல் ஓடுகிறது. அதுவே பெரிய நிம்மதி.

குழப்பம் எண்களில்தான். ஒரு லினக்ஸ் சர்வரில் 16 ஜிபி ராம். அதில் ஜியூனிகார்ன் என்ற பைத்தான் வலைச் சர்வர் 24 வொர்க்கர்களோடு (கோரிக்கைகளைக் கவனிக்கும் தனித்தனி ப்ராசஸ்கள், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் நிரல்கள்) ஒரு வலைச் செயலியை ஓட்டுகிறது. ஒவ்வொரு வொர்க்கருக்கும் மெமரி_இன்ஃபோ கேட்டால் ஆர்எஸ்எஸ் 850 எம்பி வாக்கில் வருகிறது. கூட்டினால் 20 ஜிபி. இருப்பதே 16! ஆனால் கணினி முழுவதன் நிலையைச் சொல்லும் விர்ச்சுவல்_மெமரி இன்னும் 6 ஜிபி மிச்சம் என்கிறது, சர்வரும் ஸ்வாப்பை (ராம் போதாதபோது பயன்படும் வட்டு இடம்) தொடாமல் நன்றாகவே ஓடுகிறது.

விண்டோஸில் வேறு சிக்கல். டாஸ்க் மேனேஜர் 310 எம்பி காட்டும் ப்ராசஸுக்கு என் ஸ்கிரிப்ட் 420 காட்டுகிறது. சிபியு சதவீதமும் ஒத்துப்போகவில்லை. எச்சரிக்கை மின்னஞ்சலை எந்த எண்ணை நம்பி வைப்பது?

நெய்தல்:

வணக்கம் பொன்னியாறு. இரண்டு எண்களுமே சரியானவை. அவற்றைக் கூட்டுவதில்தான் பிசகு வருகிறது.

ஆர்எஸ்எஸ் என்பது அந்த ப்ராசஸின் கணக்கில் இப்போது ராமில் இருக்கும் எல்லாப் பக்கங்களும் (நினைவகத்தின் சிறு துண்டுகள்). தனக்கே தனக்கு என்று வைத்திருப்பது, மற்றவர்களோடு பகிர்ந்துகொள்வது இரண்டும் அதில் சேரும். ஜியூனிகார்ன் முதலில் ஒரு தாய் ப்ராசஸைத் தொடங்கி, அதிலிருந்து ஃபோர்க் செய்து (தன்னைப் போலவே இன்னொன்றைப் பிரித்து) வொர்க்கர்களை உண்டாக்குகிறது. ப்ரீலோட் வைத்திருந்தால் செயலி முழுவதும் தாயிடமே ஏறிவிடும். ஃபோர்க் ஆனதும் கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) அந்தப் பக்கங்களை நகலெடுப்பதில்லை. யாராவது எழுதும்வரை எல்லோரும் ஒரே பக்கங்களைத்தான் பார்க்கிறார்கள். நான்கு பேர் சேர்ந்து எடுத்த வாடகை வீட்டில் ஒவ்வொருவரும் முழு வாடகையையும் தன் செலவாக எழுதி, பிறகு நான்கு கணக்கையும் கூட்டினால் எப்படியிருக்கும், அதுதான் உங்கள் 20 ஜிபி.

இதற்காகவே 2016-ல் வந்த 4.0 பதிப்பில் மெமரி_ஃபுல்_இன்ஃபோ சேர்ந்தது. அதில் இரண்டு எண்களைப் பாருங்கள். யூஎஸ்எஸ் என்பது அந்த ப்ராசஸுக்கு மட்டுமே உரிய நினைவகம். அதை இப்போதே நிறுத்தினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதற்கு இதுவே நல்ல விடை. பிஎஸ்எஸ் என்பது அதோடு, பகிர்ந்த பக்கங்களைப் பகிர்பவர் எண்ணிக்கையால் வகுத்துச் சேர்த்தது. பிஎஸ்எஸ்ஸைத் தைரியமாகக் கூட்டலாம், ஆனால் அது லினக்ஸில் மட்டும்தான் உண்டு. யூஎஸ்எஸ் விண்டோஸிலும் மேக்கிலும்கூடக் கிடைக்கும்.

பொன்னியாறு:

மிக்க நன்றி. பார்த்தேன். யூஎஸ்எஸ் ஒரு வொர்க்கருக்கு 240 எம்பி அளவில் வருகிறது. பிஎஸ்எஸ்ஸைக் கூட்டினால் ஏறக்குறைய 6.5 ஜிபி. இப்போது கணக்கு உதைக்கவில்லை.

ஆனால் இரண்டு இடைஞ்சல். மற்ற பயனர்களின் ப்ராசஸ்களுக்கு அக்சஸ்டினைட் (அனுமதி இல்லை) பிழை வருகிறது. அப்புறம், எல்லா ப்ராசஸ்களையும் சுற்றி வர முன்பு கண்மூடித் திறப்பதற்குள் முடிந்தது, இப்போது கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு நேரம் எடுக்கிறது. கண்காணிக்கும் ஸ்கிரிப்டே சிபியுவைத் தின்றால் எப்படி?

கல்லணை:

அந்த விலை எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் எங்கே செலவழிப்பது என்பதும் தெரிந்துவிடும்.

லினக்ஸில் பிஎஸ்யூட்டில் பெரும்பாலும் கர்னல் தன் விவரங்களைக் காட்டும் ப்ராக் கோப்பகத்தில் உள்ள உரைக் கோப்புகளைத்தான் படிக்கிறது. ஆர்எஸ்எஸ் ஏற்கெனவே கர்னலிடம் தயாராக இருக்கும் எண். ஒரு சிறிய கோப்பைத் திறந்து ஒரு வரி படித்தால் போதும். யூஎஸ்எஸ், பிஎஸ்எஸ் அப்படித் தயாராக இருப்பதில்லை. கேட்கும்போதுதான் கர்னல் அந்த ப்ராசஸின் முகவரிப் பரப்பு முழுவதையும் பக்கம் பக்கமாக நடந்து எண்ணுகிறது. முன்பு எஸ்மேப்ஸ் கோப்பில் ஆயிரக்கணக்கான வரிகளைப் படித்து நாமே கூட்ட வேண்டியிருந்தது. கர்னல் 4.14 முதல் எஸ்மேப்ஸ்_ரோல்அப் என்று கூட்டிய தொகையாகவே ஒரு கோப்பு இருக்கிறது, நூலகமும் அது இருந்தால் அதையே எடுத்துக்கொள்கிறது. படிக்கும் வேலை குறைந்தது. கர்னல் நடக்கும் நடை அப்படியேதான் இருக்கிறது.

அக்சஸ்டினைட் வருவதும் நியாயமே. இன்னொருவரின் முகவரிப் பரப்பை எட்டிப்பார்ப்பது டீபக்கர் (நிரலின் பிழை தேடும் கருவி) செய்யும் வேலைக்குச் சமம் என்று கர்னல் கருதுகிறது. அந்தச் செயலி ஓடும் அதே பயனராக உங்கள் ஸ்கிரிப்டை ஓட்டுங்கள். எல்லாவற்றுக்கும் ரூட் (முழு அதிகாரம்) கொடுத்துவிடாதீர்கள்.

நான் செய்வது இதுதான். ஒவ்வொரு சுற்றிலும் எல்லா ப்ராசஸுக்கும் ஆர்எஸ்எஸ் மட்டும் எடுப்பேன். வரிசைப்படுத்தி மேலே வரும் சிலவற்றுக்கு மட்டும், அதுவும் நீண்ட இடைவெளியில், யூஎஸ்எஸ் எடுப்பேன். இன்னொன்று, ஒரே ப்ராசஸிடம் பெயர், நிலை, சிபியு நேரம், த்ரெட் (ப்ராசஸுக்குள் ஓடும் வேலை இழை) எண்ணிக்கை என்று பலவற்றைக் கேட்பதானால் ஒன்ஷாட் என்ற சூழலுக்குள் கேளுங்கள். இந்த விவரங்களில் பல ஒரே கோப்பிலிருந்து வருபவை. ஒன்ஷாட் இல்லாமல் ஒவ்வொரு கேள்விக்கும் அதே கோப்பு மறுபடி திறக்கப்படும். ப்ராசஸ்_ஐட்டரிடம் வேண்டிய பெயர்களைப் பட்டியலாகக் கொடுத்தால் அதுவே இந்த வேலையைச் செய்துவிடும், அக்சஸ்டினைட் வரும் இடத்தில் நன் (மதிப்பு இல்லை) என்று வைத்துவிட்டு நகர்ந்துவிடும்.

எச்சரிக்கைக்கு ப்ராசஸ்களின் கூட்டுத்தொகையே வேண்டாம். விர்ச்சுவல்_மெமரியின் அவெய்லபிள் போதும். ஃப்ரீ என்ற புலத்தைத் தொட வேண்டாம். லினக்ஸ் சும்மா கிடக்கும் ராமையெல்லாம் கோப்புகளின் கேஷுக்கு (வேகத்துக்காக வைத்திருக்கும் நகல்) பயன்படுத்திக்கொள்ளும். நல்ல ஆரோக்கியமான சர்வரில்கூட ஃப்ரீ மிகக் குறைவாக இருக்கும். கேஷில் எவ்வளவை விட்டுக்கொடுக்க முடியும் என்பதைக் கர்னலே மதிப்பிட்டு 3.14 பதிப்பு முதல் மெம்அவெய்லபிள் என்று சொல்கிறது. நூலகம் தருவது அந்த எண்தான்.

மருதமரம்:

ஒரு சின்னக் கேள்வி. எங்கள் வொர்க்கர்களின் யூஎஸ்எஸ் காலையில் தொடங்கும்போது குறைவாக இருந்து, நாள் போகப்போக ஏறிக்கொண்டே வருகிறது. நிரலில் எங்கேயும் கசிவு (வேலை முடிந்தும் விடுவிக்காத நினைவகம்) கண்ணில் படவில்லை. இது அளக்கும் பிழையா?

நெய்தல்:

பிழை என்று சொல்ல முடியாது மருதமரம். பைத்தானின் இயல்பே அதற்கு இடம் கொடுக்கிறது, இதைப் பலர் கவனிப்பதே இல்லை.

பைத்தானில் ஒவ்வொரு பொருளின் தலையிலும் எத்தனை பேர் அதைக் குறிப்பிடுகிறார்கள் என்ற எண்ணிக்கை இருக்கிறது. நீங்கள் ஒரு பொருளை வெறுமனே படித்தாலே அந்த எண் கூடிக் குறையும். கர்னலின் கண்ணுக்கு அது எழுதுதல். உடனே அந்தப் பக்கம் உங்களுக்கென்று நகலெடுக்கப்படும். பகிர்ந்திருந்த 4 கேபி தனியாகிவிடும். அதோடு குப்பை சேகரிப்பான் ஓடும்போதும் பொருள்களின் தலைப்பகுதியில் எழுதுகிறது, ஒரே ஓட்டத்தில் ஏராளமான பக்கங்கள் பிரிந்துபோகும். ஆக மொத்தம் பகிர்ந்தது சுருங்கி, யூஎஸ்எஸ் வளரும். ஆர்எஸ்எஸ் மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியவே தெரியாது, ஏனென்றால் அது அநேகமாக அப்படியே இருக்கும்.

இன்ஸ்டாகிராம் பொறியாளர்கள் 2017-ல் இதே காரணத்துக்காகக் குப்பை சேகரிப்பையே நிறுத்தி வைத்து ஓட்டினார்கள். பிறகு அவர்கள் முயற்சியால் ஜிசி.ஃப்ரீஸ் பைத்தான் 3.7-ல் சேர்ந்தது. ஃபோர்க் செய்வதற்கு முன் தாய் ப்ராசஸில் அதை அழைத்தால், அதுவரை உண்டான பொருள்களைச் சேகரிப்பான் திரும்பிப் பார்க்காது. 3.12-ல் நன், ட்ரூ, சிறிய முழு எண்கள் போன்றவற்றுக்கு எண்ணிக்கை மாறாதபடி செய்துவிட்டார்கள். இரண்டும் சேர்ந்தால் ஏற்றம் மெதுவாகும்.

கசிவா, இதுவா என்று பிரித்தறிய: யூஎஸ்எஸ் ஏறி, ஆர்எஸ்எஸ் நிலையாக இருந்தால் பக்கங்கள் பிரிகின்றன. இரண்டும் சேர்ந்து ஏறிக்கொண்டே போனால் கசிவைத் தேடுங்கள்.

மருதமரம்:

எங்களுடையது முதல் வகை. ஆர்எஸ்எஸ் கோடு நேராகத்தான் இருக்கிறது. ஃப்ரீஸை முயன்று பார்க்கிறேன், நன்றி.

வெண்மேகம்:

விண்டோஸ் கேள்வியை யாரும் தொடவில்லையே, நான் எடுத்துக்கொள்கிறேன்.

விண்டோஸில் பிஎஸ்யூட்டில் தரும் ஆர்எஸ்எஸ் என்பது வொர்க்கிங் செட். பகிர்ந்த டிஎல்எல் (பல நிரல்களுக்குப் பொதுவான நூலகக் கோப்பு) பக்கங்களும் அதில் அடக்கம். டாஸ்க் மேனேஜரின் முதல் தாவலில் தெரிவது தனிப்பட்ட வொர்க்கிங் செட் மட்டும். அந்த 420-க்கும் 310-க்கும் உள்ள இடைவெளி பெரும்பாலும் இதுதான். டீட்டெய்ல்ஸ் தாவலுக்குப் போய், பத்தித் தலைப்பில் வலது கிளிக் செய்து வொர்க்கிங் செட் பத்தியைச் சேர்த்துப் பாருங்கள், 420-ஐ ஒட்டி வரும்.

சிபியு பற்றி: நான்கு லாஜிக்கல் சிபியு உள்ள கணினியில் ஒரு த்ரெட் முழு வேகத்தில் சுழன்றால் டாஸ்க் மேனேஜர் 25 சதவீதம் என்னும். பிஎஸ்யூட்டில் 100 என்னும். லினக்ஸின் டாப் கட்டளையோடு ஒத்துப்போக வேண்டும் என்று நூலகத்தைச் செய்தவர்கள் தெரிந்தே எடுத்த முடிவு அது. அதனால் பல த்ரெட் உள்ள ப்ராசஸ் 100-ஐத் தாண்டலாம். டாஸ்க் மேனேஜர் மாதிரி வேண்டுமென்றால் சிபியு_கவுன்ட்டால் வகுத்துக்கொள்ளுங்கள்.

பொன்னியாறு:

வகுத்தால் நெருங்கி வருகிறது. ஆனால் என் ஸ்கிரிப்டில் சில ப்ராசஸ்களுக்கு எப்போதும் 0.0 மட்டுமே வருகிறதே? அவற்றுக்கு மட்டும் லூப்பில் ஒவ்வொரு முறையும் பிஐடியை (ப்ராசஸின் அடையாள எண்) கொடுத்து ப்ராசஸ் பொருளை உண்டாக்கி, சிபியு_பெர்சன்ட் கேட்கிறேன்.

வெண்மேகம்:

காரணம் அங்கேயே இருக்கிறது. சிபியு சதவீதம் என்று ஒரு கணத்தில் எந்த எண்ணும் கிடையாது. இரண்டு நேரங்களில் செலவான சிபியு நேரத்தை எடுத்து, அந்த வித்தியாசத்தை இடையில் கடந்த நேரத்தால் வகுக்க வேண்டும். முதல் அழைப்பில் ஒப்பிட முந்தைய அளவு இல்லை, அதனால் 0.0 வரும், அதைத் தூக்கிப் போட வேண்டும். முந்தைய அளவு அந்தப் பொருளுக்குள்தான் சேமிக்கப்படுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் புதிய பொருள் செய்தால் எல்லா அழைப்பும் முதல் அழைப்பாகவே இருக்கும்.

பொருள்களை வைத்துக்கொள்ளுங்கள், அல்லது ப்ராசஸ்_ஐட்டரைப் பயன்படுத்துங்கள். அது ஒரு முறை செய்த பொருளைத் தன்னிடம் வைத்திருந்து அடுத்த சுற்றில் அதையே தரும். இரண்டு அழைப்புக்கு இடையில் 0.1 விநாடிக்குக் குறையாமல் விடுங்கள், நான் குறைந்தது ஒரு விநாடி விடுவேன்.

கரிசல்காடு:

கல்லணை சொன்ன அவெய்லபிள் யோசனையில் எனக்கு ஒரு மறுப்பு. பொன்னியாறு நாளைக்கே அந்தச் செயலியை டாக்கருக்குள் (செயலியைக் கன்டெய்னர் என்ற தனி அடைப்புக்குள் ஓட்டும் கருவி) போட்டால் அந்த எண் ஏமாற்றிவிடும். கன்டெய்னருக்கு 2 ஜிபி வரம்பு போட்டிருந்தாலும் உள்ளிருந்து பிஎஸ்யூட்டில் கேட்டால் வெளிக்கணினியின் 64 ஜிபியைத்தான் சொல்லும். அவெய்லபிள் 40 ஜிபி என்று பச்சை விளக்கு எரியும்போதே கர்னல் வரம்பு மீறிய ப்ராசஸைக் கொன்றிருக்கும். இத்தனை பேர் கன்டெய்னரில் ஓட்டுகிற காலத்தில் நூலகமே சிகுரூப் (ப்ராசஸ் குழுவுக்குக் கர்னல் வரம்பு போடும் வசதி) வரம்பைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்பதுதான் என் கட்சி. 2018-ல் வந்த ஜாவா 10 தானாகவே கன்டெய்னர் வரம்பைப் பார்க்கத் தொடங்கிவிட்டது. பைத்தான் பக்கம் மட்டும் நாம் கையால் கோப்பு படிக்க வேண்டுமா?

கல்லணை:

நடப்பு பற்றி நீங்கள் சொன்னது அத்தனையும் சரி, கரிசல்காடு. ப்ராக்கில் உள்ள மெம்இன்ஃபோ கோப்பு கன்டெய்னருக்கென்று பிரிக்கப்பட்டதில்லை. கன்டெய்னருக்கேற்ற எண்களைக் காட்டும் எல்எக்ஸ்சிஎஃப்எஸ் போன்ற ஏதாவது அதன்மேல் போர்த்தப்பட்டால்தான் மாறும்.

ஆனால் விர்ச்சுவல்_மெமரி தரும் விடையைச் சத்தமில்லாமல் மாற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஜாவா மெய்நிகர் இயந்திரம் தன் ஹீப்பின் (பொருள்களை வைக்கும் நினைவகப் பகுதி) அளவை முடிவு செய்யத்தான் வரம்பைப் படிக்கிறது, அதற்கு அது தேவை. பிஎஸ்யூட்டிலைப் பயன்படுத்தும் கிளான்சஸ் போன்ற கருவிகளுக்குக் கணினி முழுவதின் நிலை வேண்டும். கன்டெய்னருக்குள்ளிருந்தே வெளிக்கணினியைக் கண்காணிப்பவர்கள் இருக்கிறார்கள். வெளிக்கணினியின் ப்ராக்கை வேறிடத்தில் மவுன்ட் செய்து, ப்ராக்எஃப்எஸ்_பாத் என்ற மாறியில் அந்த இடத்தைச் சொன்னால் போதும். அவர்களுக்கெல்லாம் ஒரே நாளில் எண்கள் மாறிப்போனால்? சிகுரூப்புக்குத் தனியாக ஒரு செயற்கூறு இருக்கட்டும் என்றால் நான் கையெழுத்துப் போடுகிறேன்.

கரிசல்காடு:

தனிச் செயற்கூறு என்றால் எனக்கும் சம்மதமே. ஆனால் புதிதாக வருபவர் விர்ச்சுவல்_மெமரி என்ற பெயரைப் பார்த்து அதைத்தான் அழைப்பார், அந்த ஆபத்து அப்படியே இருக்கும் என்பதில் நான் மாறவில்லை.

அதுவரை செய்ய வேண்டியது: சிகுரூப் இரண்டாம் பதிப்பில் கன்டெய்னருக்குள் சிஸ் கோப்பகத்தின் கீழ் மெமரி.மேக்ஸ், மெமரி.கரன்ட் என்று இரண்டு கோப்புகள் இருக்கும். முதலாவது வரம்பு, அது மேக்ஸ் என்ற சொல்லாகவே இருந்தால் வரம்பு இல்லை என்று பொருள். இரண்டாவது இப்போதைய பயன்பாடு. இதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது, கோப்புக் கேஷும் அதில் சேர்ந்திருக்கிறது. மெமரி.ஸ்டாட் கோப்பில் உள்ள இன்ஆக்டிவ்_ஃபைல் தொகையைக் கழித்தால் டாக்கர் ஸ்டாட்ஸ் காட்டும் எண் வரும். சிபியுவுக்கும் இதே கதைதான். சிபியு_கவுன்ட் வெளிக்கணினியின் எண்ணிக்கையைச் சொல்லும், உங்களுக்குக் கிடைக்கும் பங்கு சிபியு.மேக்ஸ் கோப்பில் இருக்கும். வெண்மேகம் சொன்னபடி வகுக்கும்போது கன்டெய்னரில் இருக்கிறீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பொன்னியாறு:

இவ்வளவு கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. எங்களிடம் இன்னும் கன்டெய்னர் வரவில்லை, வரும்போது இந்த இழையைத்தான் திறப்பேன்.

அடுத்த படி: யூஎஸ்எஸ் 1 ஜிபியைத் தாண்டிய வொர்க்கரை ஸ்கிரிப்டே நிறுத்திவிட வேண்டும் என்று மேலாளர் கேட்கிறார். பிஐடியை ஒரு கோப்பில் எழுதி வைத்து, ஐந்து நிமிடம் கழித்தும் அதே நிலை என்றால் கில் செய்யலாம் என்று நினைக்கிறேன். சரியா?

நெய்தல்:

பிஐடியை மட்டும் எழுதி வைப்பது ஆபத்து, தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ப்ராசஸ் செத்ததும் அதன் எண் காலியாகி, ஒரு நாள் வேறொன்றுக்குப் போகும். லினக்ஸில் பிஐடி உச்சவரம்பு வழக்கமாக 32768. புதிய லினக்ஸ்களில் சிஸ்டம்டி (சர்வீஸ்களைத் தொடங்கி நிர்வகிக்கும் நிரல்) அதை 40 லட்சத்துக்கு மேல் உயர்த்தி வைக்கிறது, அதனால் அங்கே அபூர்வம். விண்டோஸ் மிக வேகமாக எண்களை மறுபடி கொடுக்கும்.

நூலகம் இதற்கு ஒரு காப்பு வைத்திருக்கிறது. ப்ராசஸ் பொருள் உண்டாகும்போதே பிஐடியோடு அதன் தொடக்க நேரத்தையும் குறித்துக்கொள்கிறது. கில், டெர்மினேட், சஸ்பெண்ட் போன்றவற்றை அழைத்தால், அதே ப்ராசஸ்தானா என்று முதலில் சரிபார்த்து, வேறு என்றால் நோசச்ப்ராசஸ் பிழை எழுப்பும். நீங்கள் எண்ணை மட்டும் கோப்பில் வைத்து, பிறகு புதிய பொருள் செய்தால் அந்தக் காப்பு போய்விடும். புதிய பொருள் புதிய ப்ராசஸின் நேரத்தையே குறிக்கும், கண்ணை மூடிக்கொண்டு அதைக் கொன்றுவிடும். கோப்பில் கிரியேட்_டைமையும் சேர்த்து எழுதி ஒப்பிடுங்கள். துல்லியமாகச் சமமா என்று பார்க்காமல் ஓரிரு விநாடி வித்தியாசத்தை அனுமதியுங்கள், கணினிக் கடிகாரம் திருத்தப்பட்டால் லினக்ஸில் இந்த நேரமும் நகரக்கூடும்.

2024-ல் வந்த 6.0 பதிப்பிலிருந்து ப்ராசஸ்_ஐட்டர் இந்தச் சரிபார்ப்பைத் தானாகச் செய்வதில்லை, வேகத்துக்காக எடுத்துவிட்டார்கள். பழைய பொருளிடம் விவரம் மட்டும் கேட்பதானால் இஸ்_ரன்னிங்கை முதலில் அழையுங்கள். கில்லுக்கு முன் நடக்கும் சரிபார்ப்பு இன்னும் இருக்கிறது.

நிறுத்தும் முறை: முதலில் சில்ட்ரன் அழைப்பில் ரிகர்சிவ் வைத்துப் பிள்ளைகளின் பட்டியலை எடுங்கள். தாய் போன பிறகு கேட்டால் பிள்ளைகள் வேறு தாயிடம் போயிருக்கும், கிடைக்காது. எல்லாவற்றுக்கும் டெர்மினேட், பிறகு வெயிட்_ப்ராக்ஸில் சில விநாடி அவகாசம், அதன் பிறகும் உயிரோடிருப்பவற்றுக்கு மட்டும் கில். விண்டோஸில் டெர்மினேட்டும் கில்லும் ஒன்றே, மென்மையாகச் சொல்லும் வழி அதில் இல்லை.

கல்லணை:

நெய்தல் சொன்னதோடு ஒன்று. லினக்ஸ் சர்வரில் இந்த வேலையை ஸ்கிரிப்டிடம் கொடுக்கவே வேண்டாம் என்பேன். ஜியூனிகார்னில் மேக்ஸ்_ரிக்வெஸ்ட்ஸ் வைத்தால் குறிப்பிட்ட எண்ணிக்கைக் கோரிக்கைகளுக்குப் பிறகு வொர்க்கர் தானே ஒழுங்காக முடிந்து புதிதாகத் தொடங்கும். மொத்தத்துக்கும் ஒரு கடைசி வேலி வேண்டுமென்றால் சிஸ்டம்டி சர்வீஸில் மெமரிமேக்ஸ். ஸ்கிரிப்ட் பார்த்துச் சொல்லட்டும், கொல்ல வேண்டாம்.

தும்பைப்பூ:

வணக்கம், நான் கல்லூரி மாணவி. ஆண்ட்ராய்டு போனில் லினக்ஸ் கட்டளைகளை ஓட்ட உதவும் டெர்மக்ஸ் செயலியில் பிஎஸ்யூட்டிலை நிறுவினேன். சிபியு_பெர்சன்ட் பர்மிஷன் பிழை தருகிறது. லேப்டாப்பில் விண்டோஸ், அங்கே வெப்பநிலை கேட்டால் அந்தச் செயற்கூறே இல்லை என்கிறது. நான் நிறுவியது தவறா?

வெண்மேகம்:

நிறுவியதில் தவறில்லை தங்கச்சி. ஆண்ட்ராய்டு 8 முதல் சாதாரண செயலிகள் ப்ராக்கில் உள்ள ஸ்டாட் கோப்பைப் படிக்க முடியாது. சிபியு கணக்கு அதிலிருந்துதான் வருகிறது. உங்கள் சொந்த ப்ராசஸ்களைப் பார்க்கலாம், மொத்த சிபியுவைப் பார்க்க முடியாது. சென்சார்ஸ்_டெம்பரேச்சர்ஸ் லினக்ஸிலும் ஃப்ரீபிஎஸ்டியிலும் மட்டும் உண்டு. பாட்டரி நிலை விண்டோஸிலும் கிடைக்கும், சென்சார்ஸ்_பாட்டரி கேட்டுப் பாருங்கள். எல்லாத் தளத்திலும் இல்லாதவற்றைப் பயன்படுத்தும்போது பைத்தானின் ஹாஸ்அட்டர் வைத்து, அந்தச் செயற்கூறு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அழையுங்கள்.

பொன்னியாறு:

முடிவு செய்த ஏற்பாட்டைச் சொல்கிறேன், ஓட்டை இருந்தால் காட்டுங்கள். அவெய்லபிள் மொத்தத்தில் 10 சதவீதத்துக்குக் கீழே போய் மூன்று சுற்று தொடர்ந்தால் மின்னஞ்சல். அதில் யூஎஸ்எஸ் அதிகமுள்ள பத்து ப்ராசஸ்களின் பட்டியல், அது அப்போது மட்டும் எடுக்கப்படும். ஸ்வாப் பயன்பாடு 50 சதவீதம் தாண்டினாலும் மின்னஞ்சல். கொல்லும் பகுதியை எடுத்துவிட்டேன், மேலாளரிடம் மேக்ஸ்_ரிக்வெஸ்ட்ஸ் பற்றிச் சொல்லிவிட்டேன்.

கல்லணை:

ஸ்வாப் வரியை மட்டும் மாற்றுங்கள். எப்போதோ ஒதுக்கித் தள்ளிய, யாரும் தொடாத பக்கங்கள் ஸ்வாப்பில் மாதக்கணக்கில் கிடக்கலாம், அதனால் ஒரு கெடுதலும் இல்லை. ஸ்வாப்_மெமரியில் எஸ்இன், எஸ்அவுட் என்று இரண்டு எண்கள் இருக்கின்றன, கணினி தொடங்கியதிலிருந்து உள்ளே வந்த, வெளியே போன பைட்டுகள். இரண்டு சுற்றுக்கு இடையிலான வித்தியாசத்தைப் பாருங்கள். இரண்டும் விடாமல் ஏறினால்தான் சர்வர் திணறுகிறது. விண்டோஸில் இவை எப்போதும் 0, அங்கே இந்த விதியை விட்டுவிடுங்கள்.

சர்வரில் கர்னல் 4.20 அல்லது அதற்குப் பிந்தையது என்றால் ப்ராக்கில் ப்ரெஷர் கோப்பகத்துக்குள் மெமரி என்ற கோப்பு இருக்கிறதா பாருங்கள். நினைவகத்துக்காக ப்ராசஸ்கள் எவ்வளவு நேரம் காத்திருந்தன என்பதை 10, 60, 300 விநாடிச் சராசரியாகச் சொல்லும். பிஎஸ்யூட்டில் வழியாக அது வராது, நேரடியாகத் திறந்து இரண்டு வரி படித்தால் போதும். 10 சதவீத விதியோடு இதையும் வைத்தால் பொய் எச்சரிக்கை வெகுவாகக் குறையும்.

பொன்னியாறு:

கோப்பு இருக்கிறது, படிக்கவும் முடிகிறது. ஸ்வாப் விதியை எடுத்துவிட்டு இதைச் சேர்க்கிறேன்.